இடமிருந்து மூன்றாவது குப்பி

என் வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. வேலை என்னவோ வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவதுதான். ஆனால் தெருவில் அவருக்குப் பெயர் எக்ஸ்பர்ட். கிண்டலுக்கு வைத்த பெயர். அவருக்கு அது புரியவில்லை, பொருத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். யாராவது "எக்ஸ்பர்ட் இருக்காரா?" என்று வாசலில் வந்து கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பீரமாக வெளியே வருவார்.

எங்கள் கார் நிற்கும் இடத்தில், முன்சக்கரத்துக்குப் பின்னால், ஒருநாள் சின்னதாக ஒரு சிவப்புச் சொட்டு விழுந்திருந்தது. கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏசி தண்ணி" என்றார்.

"சிவப்பாவா?"

"துரு கலந்திருக்கும். இதெல்லாம் உனக்குச் சொன்னாப் புரியாது."

அடுத்த வாரம் சொட்டு உள்ளங்கை அகலம் ஆனது. எதிர்வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பும்போது சிந்தியது என்றார். எதிர்வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லை என்றேன். மூன்றாவது வாரம் காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவைத்து, அதில் விழுந்த கறையை அரை மணி நேரம் ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னார்: சக்கரங்களைத் திருப்பிவிடும் ஸ்டீயரிங் ரேக் போய்விட்டது. ஒழுகலை அடைக்கும் மருந்து என்று கடையில் எதையோ வாங்கி ஊற்றினார். கறை பெரிய தாம்பாளம் அளவுக்கு வந்தது. மருந்து வேலை செய்கிறது, உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் வெளியே வருகிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாயை விரித்துக் காருக்கு அடியில் போய்விடுவார். வெளியே இரண்டு கால்தான் தெரியும். தெருவில் போகிறவர்கள் நின்று அந்தக் கால்களோடு பேசிவிட்டுப் போவார்கள். பன்னிரண்டு மணிக்கு முகமெல்லாம் கறையோடு வெளியே வந்து, வேலை முடிந்தது என்று சொல்லிச் சோப்புக் கேட்பார். என்ன வேலை முடிந்தது என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இதெல்லாம் அவர் பொழுதுபோக்கு என்றால் நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்? அந்தக் கார் என் பிழைப்பு. நான் ரத்தம் எடுப்பவள். ஒரு பரிசோதனைக் கூடத்துக்காகக் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, படுக்கையில் கிடப்பவர்கள், நடக்க முடியாதவர்கள் என்று பதினான்கு வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, எட்டரைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒன்பது வருடமாக இந்த ரவுண்டு என்னுடையது. வீடு அவர் பெயரில் இருக்கிறது, கார் அவர் பெயரில் இருக்கிறது. என் பெயரில் இருப்பது இந்த ரவுண்டு ஒன்றுதான். மூன்றாவது வீட்டுப் பெரியவர், நரம்பே அகப்படாத கை அவருக்கு, வேறு யார் போனாலும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். என்னைப் பார்த்தால் மட்டும் தானே நீட்டுவார். இந்த ரவுண்டை இழந்தால் நான் என்ன ஆவேன் என்று யோசித்துப் பார்த்தேன். எக்ஸ்பர்ட்டின் மனைவி ஆவேன்.

இவ்வளவுக்கும் சொந்தக் கொழுந்தனார் கார் மெக்கானிக். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் அவர் ஒர்க் ஷாப். ஆனால் அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. காரணம் இதே ஸ்டீயரிங். அன்றைக்கு ஆயில் ஓடும் ரப்பர் ஹோஸ் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்த தம்பி கையிலிருந்து, நாலு வாடிக்கையாளர் முன்னால் ஸ்பேனரைப் பிடுங்கி, "கிளிப்பை இப்படியாடா போடுவாங்க?" என்று கேட்டார் இவர். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார். "அண்ணே, உங்க வாயால ஒரே ஒரு தடவை 'நான் தப்பு பண்ணிட்டேன்'னு சொல்லுங்க. அன்னைக்குத்தான் இந்தக் காரைத் தொடுவேன்."

அன்றிலிருந்து கார் எக்ஸ்பர்ட் வசம். நானும் ஓரகத்தியும் மட்டும் போனில் பேசிக்கொள்வோம். பேசுவது என்ன, இவர் செய்கிற கூத்தையெல்லாம் நான் ஒன்றுவிடாமல் சொல்வேன், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சொல்லச் சொல்ல எனக்கும் பாரம் குறைந்த மாதிரி இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஓர் அலமாரி. அதில் வரிசையாகப் பதினோரு வெள்ளை பிளாஸ்டிக் குப்பிகள். எல்லாம் பினாயில் வந்தவை, எல்லாம் ஒரே மாதிரி. எதைக் கடையில் வாங்கினாலும் பாதி டப்பா இடத்தை அடைக்கிறது என்று அந்தக் குப்பிகளில் ஊற்றி வைத்துவிடுவார். ஒன்றிலும் பெயர் கிடையாது. எது எதுவென்று கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். "எல்லாம் இங்க இருக்கு. ஸ்டீயரிங் ஆயிலா? இடமிருந்து மூணாவது. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்."

என் வேலையில் பெயர் எழுதாத டியூபுக்கு மதிப்பு கிடையாது. யார் கொண்டுவந்தாலும் நான் குப்பையில் போட்டுவிடுவேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கையில் எழுதக் காகிதம் இல்லை, நினைவில் இருக்கிறது என்று சொன்னாள். அவள் கண் முன்னாலேயே மூன்று டியூபைத் தூக்கி எறிந்தேன். அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படிப்பட்டவளின் வீட்டுக் கொட்டகையில் பதினோரு அநாமதேயங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காருக்கு அடியில் கிடந்தபோது பொறுக்க மாட்டாமல் அலமாரியைச் சுத்தம் செய்தேன். குப்பிகளை இறக்கி, தூசியைத் துடைத்து, திரும்ப ஏற்றி வைத்தேன். வந்து பார்த்தவர் குதித்தார்.

"யார் உன்னைத் தொடச் சொன்னது? என் வரிசையே போச்சு!"

"பேரை எழுதி ஒட்டுங்க. வரிசையே வேண்டாம்."

"பேரு மறதிக்காரனுக்குத்தான் வேணும்" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் முனகியது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஸ்டீயரிங் ஆயில் அதன் டப்பாவில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. எக்ஸ்பர்ட் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டி அவரைக் கூப்பிட்டால் அரை மணி நேரம் பாடம் நடக்கும். நானே கொட்டகைக்குப் போய்க் குப்பியை எடுத்துவந்து, புனல் வைத்து, மேல்கோடு வரை ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். புதன்கிழமை மறுபடியும் அதே கதை. மறுபடியும் ஊற்றினேன்.

அதற்கப்புறம்தான் கார் படுத்த ஆரம்பித்தது. முனகல் அலறல் ஆனது. டப்பாவில் நுரை தள்ளியது. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. வியாழக்கிழமை ஒரு முட்டுச் சந்தில் காரைத் திருப்ப முடியாமல், இரண்டு கையாலும் இழுத்து, தோள்பட்டை விட்டுப்போய், பரிசோதனைக் கூடத்துக்கு எட்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். சூப்பர்வைசர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், ஐஸ் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"இந்த மாசத்துல ரெண்டாவது தடவை. இன்னொரு தடவை எட்டரை தாண்டினா ரவுண்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். கோவிச்சுக்காதே."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் சாப்பிட்டபடியே, "ரேக்குன்னு அன்னைக்கே சொன்னேனே. ஞாயித்துக்கிழமை பார்த்துடறேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைப் பிடுங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க நான் தயாராக இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மீட்டர் பார்க்கப் போயிருந்தபோது நானே பானெட்டைத் திறந்தேன். கார் எனக்குத் தெரியாது. ஆனால் கசிவு தெரியும். படுக்கை விரிப்பில் ரத்தம் இருந்தால் விரிப்பையா உற்றுப் பார்ப்போம்? எங்கிருந்து வருகிறது என்று கையைத்தானே பார்ப்போம். அரை மணி நேரம் அட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரை நினைத்தால் சிரிப்புதான் வந்தது. எண்ணெய் வழிந்த இடத்தையெல்லாம் துணியால் துடைத்தேன். ஹோஸ் வந்து சேரும் ஒவ்வொரு இடத்திலும் பஞ்சைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டினேன். ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண் போட்டேன். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துத் தடவை திருப்பினேன். அணைத்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டாம் எண் பஞ்சு நனைந்து சொட்டியது. டப்பாவுக்கு ஆயில் திரும்பி வரும் ஹோஸ், அதைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குப் பக்கத்தில். அங்கிருந்து வழிந்து, கம்பியோடு ஓடி, கீழே ரேக்குக்குப் பக்கத்தில் போய்ச் சொட்டியிருக்கிறது. ரேக்காம் ரேக்.

நான்காம் எண் பஞ்சும் ஈரமாக இருந்தது, ஆயிலைத் தள்ளும் பம்ப் பக்கம். அதுதான் புரியவில்லை. பழக்க தோஷம், டப்பாவிலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் ஆயிலை இழுத்து ஒரு டியூபில் விட்டு, தேதி, நேரம், எடுத்த இடம் எல்லாம் எழுதி நிறுத்தி வைத்தேன்.

சனிக்கிழமை காலை பார்த்தபோது டியூபில் இரண்டு அடுக்கு. ரத்தத்தை நிறுத்தி வைத்தால் சிவப்பு கீழே போகும், மஞ்சள் மேலே நிற்கும். இங்கே தலைகீழ். மேலே சிவப்பு, கீழே வெளிர் மஞ்சள், நடுவில் கோடு போட்ட மாதிரி தெளிவான எல்லை. ஒரு டப்பாவில் ஒன்றோடொன்று சேராத இரண்டு திரவம். எக்ஸ்பர்ட் எதையோ ஊற்றித் தொலைத்திருக்கிறார்! சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையும் களவுமாக, ஆதாரத்தோடு, இருபது வருடத்தில் முதல் தடவையாக மாட்டிக்கொண்டார்.

தோள் எரிய எரிய அன்றைய ரவுண்டை எட்டு இருபத்தெட்டுக்கு முடித்துக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"நான் தம்பி ஒர்க் ஷாப்புக்குப் போறேன். வரீங்களா, இல்லையா?"

"நானும் வரேன். அவன் இன்னும் எதையாவது கெடுத்து வைக்கப் போறான்" என்று பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் எந்த கியரில் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒர்க் ஷாப்பில் கொழுந்தனார் ஒரு வேனின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க அண்ணி" என்றார். அண்ணனைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அண்ணன் சுவரில் மாட்டியிருந்த பெல்ட்டுகளை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார்.

"தம்பி, நீங்க காரைத் தொட வேண்டாம். பார்த்தா மட்டும் போதும்" என்றேன். பார்ப்பதில் தொடுவது சேராது என்று அவரும் ஒப்புக்கொண்டார். டார்ச்சை அடித்தார். இரண்டாம் எண் பஞ்சைப் பார்த்ததும் சிரித்தார்.

"நான் போட்டது ஸ்பிரிங் கிளிப். இப்ப இருக்கிறது திருகு கிளிப். யாரோ ஒரு மகாராஜன் மாத்தி, உயிர் போற மாதிரி முறுக்கி வச்சிருக்காரு. ஹோஸையே அறுத்துடுச்சு." சுவர்ப் பக்கம் திரும்பாமல் சொன்னார். "நுனியை வெட்டிட்டு வேற கிளிப் போட்டா அரை மணி வேலை. இந்த அரை மணி வேலைக்கா அண்ணி இவ்வளவு நாள் கஷ்டப்பட்டீங்க?"

நான் வெற்றியோடு பையைத் திறந்து டியூபை எடுத்து நீட்டினேன். "இதையும் பாருங்க."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். சிரிப்பு போய்விட்டது.

"கீழ இருக்கிறது பிரேக் ஆயில். இதைப் போய் ஸ்டீயரிங்குல ஊத்துவாங்களா? ரப்பர் எல்லாம் ஊறி உப்பிப் போயிருக்கும். பம்ப் சீல், ரேக் சீல், ஹோஸ் எல்லாத்தையும் மாத்தணும். உள்ள இருக்கிறதைச் சொட்டு விடாம எடுத்துக் கழுவணும். நாலு நாள் வேலை. நல்லா இருந்த பம்பைக் கொன்னுட்டாங்க." டியூபை ஆட்டினார். "எப்பலேர்ந்து சத்தம் அதிகம்?"

"இந்த வாரம்தான். திங்கட்கிழமைக்கு அப்புறம்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை. புனல். கொட்டகை. இடமிருந்து மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை துடைத்து நானே ஏற்றி வைத்த பதினோரு குப்பி. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் இரண்டு தடவை. பெயர் எழுதாததற்காக ஒரு பெண்ணை அழவைத்தவள், பெயர் எழுதாத குப்பியை எடுத்து என் பிழைப்பின் வாயில் நானே ஊற்றியிருக்கிறேன்.

"யாரு ஊத்தினது?" என்றார் கொழுந்தனார்.

திரும்பினேன். வீட்டுக்காரர் டியூபைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தான் திங்கட்கிழமை எதையும் ஊற்றவில்லை என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் வேறு யாரும் கிடையாது. இனி இருக்கிறது எனக்கு என்று நினைத்தேன். இருபது வருடமாக நான் பேசிய பேச்சுக்கெல்லாம் வட்டியும் முதலுமாக, தம்பி முன்னால், வேனுக்குக் காத்திருந்த இரண்டு பேர் முன்னால்.

"நான்தான் ஊத்தினேன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

கொழுந்தனார் கையிலிருந்த டார்ச் அணையாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை வந்ததும் முதலில் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பிறகு ஆரம்பித்தார் பாருங்கள். பத்து நிமிடம். எக்ஸ்பர்ட்டா நீங்க, மீட்டரைப் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியலையா, சின்னப் பிள்ளைகூடப் பண்ணாதே என்று விளாசித் தள்ளினார். வேனுக்குக் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். நான் அவரைத் திட்டும் திட்டெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கார் அப்படியே நிற்கும், திங்கட்கிழமை என் ரவுண்டு வேறு ஒருத்தியிடம் போகும். அந்தக் கணக்கை என் புத்தி நொடியில் போட்டுவிட்டது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

எல்லாம் முடிந்ததும் கொழுந்தனார் தன் சொந்தக் காரின் சாவியை என் கையில் வைத்தார். "நாலு நாளைக்கு இதுல போங்க அண்ணி. உங்க ரவுண்டு நிக்கக் கூடாது. அவரு சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாரு, எனக்கு அது போதும்."

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது கேட்டேன். "எதுக்குச் சொன்னீங்க?"

"பின்னே? உனக்குப் பொய் சொல்லத் தெரியுமா? நீ முழிச்ச முழியில அவன் கண்டுபிடிச்சிருப்பான். பொய் சொல்றதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல தொண்டையைச் செருமணும். அப்புறம் நேராக் கண்ணைப் பார்க்கணும்..." என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். முழுவதையும் நின்று கேட்டேன். மேலே நான் அவரைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை, ஒன்றையும் திரும்பப் பெறப் போவதில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு நாளும் எட்டு இருபதுக்கே போய்ச் சேர்ந்தேன். சூப்பர்வைசர் அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்த நாலு நாளுக்குள் கதை தெருவெல்லாம் பரவிவிட்டது. "எக்ஸ்பர்ட் இருக்காரா? பிரேக் ஆயில் ஒரு குப்பி வேணும்" என்று வாசலில் வந்து கேட்டார்கள். இந்தத் தடவை கிண்டல் அவருக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் தம்பியின் கார் நின்றும் பாயை எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வரவும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. காரை எடுக்கப் போன அன்று அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். கொழுந்தனார் ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் சுழற்றிக் காட்டினார். வெண்ணெயாக இருந்தது.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். பிரேக் ஆயிலை ஊத்தினது அவரு இல்ல. நான்தான்."

கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். அதுக்காக இப்படியா அண்ணி?"

"நிஜமாத்தான் சொல்றேன். திங்கட்கிழமை ஒரு தடவை, புதன்கிழமை ஒரு தடவை. குப்பியில பேர் இல்ல, நான் பார்க்காம..."

"நீங்களா? பேர் எழுதாத பாட்டிலை நீங்களா தொடுவீங்க?" சிரித்துவிட்டார். "விடுங்க அண்ணி. ரெண்டு வருஷமா என் சம்சாரத்துக்கிட்ட நீங்க போன்ல சொல்றதையெல்லாம் ஸ்பீக்கர்ல போட்டு நானும்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். இந்த மாதிரி வேலை பண்ற ஆள் உங்க வீட்டுல யாருன்னு நீங்க சொல்லித்தானே எனக்கே தெரியும்?"

சத்தியம் செய்தேன். அவர் அடுத்த காருக்கு அடியில் போய்விட்டார். நின்று அவர் கால்களிடம் இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.